மறைப்பு வைத்தவள்

அவள் கடைப் பலகையில் 'வண்ண மீன் நிலையம்' என்று எழுதியிருந்தது. கடை திறந்த முதல் வாரத்திலேயே அவளாக ஒரு டப்பா பெயிண்ட் வாங்கிவந்து, ஸ்டூல் போட்டு ஏறி, கீழே கோணல்மாணலாக இன்னொரு வரி சேர்த்தாள்: 'குழம்புக்கு இல்லை.'

அதற்குக் காரணம் இருந்தது. போடியில் எங்கள் கடை வரிசை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. மீன் என்ற எழுத்தைக் கண்டதும் பையோடு படியேறி, "அயிரை வந்துருச்சா?" என்று கேட்கிறவர்கள் நிறைய. பலகையைப் படித்த பிறகும் ஒருவர் விடவில்லை. தொட்டிக்குள் நீந்திய தங்க மீனைக் காட்டி, "இது சாப்பிட்டா என்ன பண்ணும்?" என்று கேட்டார். "உங்கள ஒண்ணும் பண்ணாதுங்க. நான்தான் ஏதாச்சும் பண்ணிப்புடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் பக்கத்துக் கடை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். அவளுடைய ஏர் மோட்டார்கள் எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் அவளைத் 'தாயி' என்பேன், அவள் என்னை 'அண்ணே' என்பாள்.

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் நேராக முடியாது என்று சொல்வதில்லை. பாப்போம் என்போம், ஆகட்டும் என்போம், நாளைக்கு வாங்க என்போம். கேட்டவரே அலுத்துப்போய் விட்டுவிடுவார். அவள் அப்படி இல்லை. கேட்ட மறு நொடியே "முடியாதுங்க" என்பாள். அதில் கோபமே இருக்காது. பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி நீட்டியபடி சொல்வாள். டீயை வாங்கியவருக்கு அதை எங்கே வைத்துவிட்டுச் சண்டை போடுவது என்று தெரியாது.

ஒருமுறை மொத்த வியாபாரி சரக்கோடு சரக்காக உருண்டைக் கண்ணாடிக் கிண்ணங்களையும் அனுப்பிவிட்டான். ஒற்றை மீனைப் போட்டு மேசை மேல் வைக்கிற அளவு. நன்றாக விற்கிற சாமான் அது. பிறந்த நாள் பரிசுக்கென்று ஒரு அம்மா கிண்ணமும் மீனும் கேட்டு வந்தார். "இதுக்குள்ள மீனு திரும்பக்கூட முடியாதும்மா. நாலு பூவப் பிச்சு மிதக்க விட்டு வாசல்ல வைங்க, அழகா இருக்கும். மீனுக்கு முடியாதுங்க" என்றாள். மீதிக் கிண்ணங்களில் கடலை மிட்டாய் போட்டு, கடைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

அந்த 'முடியாது' எனக்கும் ஒருமுறை கிடைத்தது. என் மச்சினன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். ஒரு மீன் தொட்டி கொண்டுபோனால் கௌரவமாக இருக்குமே என்று கேட்டேன்.

"அவங்க வீட்ல யாருண்ணே தண்ணி மாத்துவா?"

"யாராச்சும் மாத்துவாங்க தாயி."

"யாராச்சும்ங்கிற ஆளுக்கு நான் மீனு விக்கிறதில்லண்ணே."

சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு போனேன். சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. பதினோரு மணி டீ வழக்கம்போல என் மேசைக்கு வந்துகொண்டிருந்தது.

அவளுக்குச் சொந்த ஊர் சிலமலை. தோட்டம் துரவு உள்ள வீடு. பம்புசெட்டுத் தொட்டியில் குப்பி மீன்களை விட்டு அவை குட்டி போடுவதைப் பார்த்துப் பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தவள். அண்ணன்மார் இரண்டு பேருக்கும் இது பிடிக்கவில்லை. தேனிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்தார்கள். கடையை விட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு. அவள் மாப்பிள்ளையைக் கடைக்கே வரச் சொல்லிவிட்டாள். அந்தப் பையன் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். தொட்டிகளின் சத்தத்துக்கு மேலே அவர்கள் பேசியது என் கடை வரைக்கும் கேட்டது.

"கல்யாணத்துக்கப்புறம் கடை வேண்டாம்னு அம்மா நெனைக்கிறாங்க."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"நானும் அதேதான்."

"இன்னைக்குக் கடைய மூடும்பீங்க. நாளைக்கு வாய மூடும்பீங்க. நமக்குள்ள எதுக்குங்க வம்பு? டீ ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அதன்பிறகு அண்ணன்மார் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் மூத்தவர் மட்டும் தக்காளி பறிக்கிற காலத்தில் ஒரு கூடையைக் கடை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, தலையைத் திருப்பாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவார். அவளும் கூப்பிட மாட்டாள். அந்தத் தக்காளியில் பாதி என் வீட்டுக்கு வரும்.

எங்கள் வரிசைக் கடைகள் முழுவதும் ஒரு ஏலக்காய் வியாபாரிக்குச் சொந்தம். முதலாளி என்றுதான் எல்லோரும் சொல்வோம். போடிமெட்டுக்குப் பக்கத்தில் அவருக்குத் தோட்டமும், தோட்டத்துக்குள் ஒரு பெரிய வீடும் உண்டு. அவர் கீழே போடிக்கும் மேலே தோட்டத்துக்குமாகப் போய்வருவார். அவர் மனைவி மேலேயேதான் இருப்பார்.

யாரோ ஒரு சோசியர் வாஸ்து மீன் வளர்த்தால் யோகம் என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார். ஃப்ளவர்ஹார்ன் என்பார்களே, நெற்றியில் கொழுக்கட்டை வைத்த மாதிரி புடைப்போடு, சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும், அது. வாங்கி வைத்த வருஷம் ஏலக்காய்க்கு நல்ல விலை. ஒன்றுக்கே இவ்வளவு என்றால் இரண்டாக வைத்தால் என்ன என்று இன்னொன்றையும் வாங்கி அதே தொட்டியில் விட்டார். இரண்டையும் வாங்கியது கேரளப் பக்கத்தில். அவளிடம் கேட்டிருந்தால் பதில் என்னவாக இருந்திருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டத்து வாட்சர்தான் அவளுக்குப் போன் பண்ணினார். மலையாளம் கலந்த பேச்சு. "சேச்சி, சின்ன மீனை வலிய மீன் கடிச்சுக் கீறிப்போட்டு. கொஞ்சம் வரணும்."

"அண்ணே, சோலி இருக்கா? மேல ஹீட்டரு, வயரு வேலையெல்லாம் இருக்கும். ஒரு எட்டு வந்துட்டுப் போயிருங்க" என்றாள். ஏலத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகிற காலை ஜீப்பில் இடுக்கிக்கொண்டு போனோம்.

நல்ல பெரிய தொட்டி, ஆள் படுக்கலாம். பெரிய மீன் நடுவில் நின்றுகொண்டிருந்தது. சின்னது ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தது. வாலில் பாதி இல்லை, நிறமெல்லாம் வெளுத்துவிட்டது. அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. "கீரை அலசுற கூடை இருந்தாக் கொண்டாங்கம்மா, வெரசா" என்றாள். வீட்டம்மா ஓடிப்போய் எடுத்துவந்தார். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். கூடையைத் தண்ணீருக்குள் கவிழ்த்துச் சின்ன மீனை அதற்குள் மறித்து வைத்த பிறகுதான் அவள் முதலாளியைப் பார்த்து வணக்கம் சொன்னாள்.

"ஒண்ண வேற தொட்டிக்கு மாத்துங்க" என்றாள்.

"ரெண்டும் ஒரே தொட்டில இருக்கணும்னு சோசியரு சொல்லியிருக்காரு."

"அப்ப நடுவுல தடுக்கணும்."

"தடுத்துக்க. கண்ணாடியப் போட்டுத் தடு. ரெண்டும் பளிச்சுனு தெரியணும்."

"முடியாதுங்க. ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டே இருந்தா பெருசு முட்டி முட்டி மூஞ்சியப் பேத்துக்கும். சின்னது பயந்து இரை எடுக்காது. கடிச்சுத்தான் சாகணும்னு இல்ல, பாத்துப் பாத்தே செத்துரும். ஒண்ணுக்கொண்ணு தெரியாதபடி மறைப்புத்தான் வேணும்."

முதலாளிக்கு அன்றைக்கு ஏலக்காய் ஏலத்துக்குப் போகிற அவசரம். "என்னமோ செய்யி" என்று காரில் ஏறிவிட்டார்.

தொட்டிக்குள் மறைப்பு வைப்பது அவ்வளவு லேசு இல்லை. தண்ணீரை முழுக்க இறைத்து, கண்ணாடியை ஈரம் போகத் துடைத்து, உள்பக்கம் இருபுறமும் பள்ளம் உள்ள சட்டங்களைச் சிலிக்கான் பசை வைத்து ஒட்ட வேண்டும். அது காய்கிற வரைக்கும் தண்ணீர் விடக் கூடாது. மீன்கள் தனித்தனி டப்பில் இருக்க வேண்டும். அவற்றைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பை வீட்டம்மா எடுத்துக்கொண்டார். சட்டத்தைச் சரியாக நடுவில் ஒட்டாமல் ஒரு பக்கம் தள்ளி ஒட்டினாள். பெரிய பங்கு சின்ன மீனுக்கு.

"மாறியில்ல இருக்கு?" என்றார் வாட்சர்.

"பயந்து கெடந்ததுக்குத்தான் எடம் கூட வேணும்."

முதல் தடவை அவள் தேர்ந்தெடுத்தது கறுப்பு அக்ரிலிக் ஷீட். துளி வெளிச்சம் ஊடுருவாது. அதைச் சட்டத்தில் இறக்கி, தண்ணீர் நிரப்பி, மீன்களை விட்டுவிட்டுத் திருப்தியாக இறங்கி வந்தோம். மறுநாளே வாட்சரிடமிருந்து போன். "சேச்சி, வலிய மீன் இப்ப தன்னோடயே சண்டை பிடிக்குது." ஷீட்டின் பளபளப்பில் அதன் உருவமே தெரிந்திருக்கிறது. எதிரில் இன்னொரு மீன் நிற்பதாக நினைத்து அது ஓயாமல் முட்டிக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண்ணாடி வேண்டாம்னு நீட்டி முழக்கிட்டு, கறுப்புக் கண்ணாடிய வச்சுட்டு வந்திருக்கேன் பாருங்கண்ணே. நான் ஒரு கிறுக்கச்சி."

அப்புறம் ஊரெல்லாம் அலைந்தாள். தகரம் துருப்பிடிக்கும், பலகை ஊறும், பஞ்சு ஷீட்டை அந்த மீன் கடித்துத் தின்னும். கடைசியில் சமையலறை அலமாரி செய்கிற ஆசாரி பட்டறையில் வெள்ளை பிவிசி ஷீட் அகப்பட்டது. மங்கலான வெள்ளை, எதுவும் பிரதிபலிக்காது. ஆனால் விட்டால் தண்ணீரில் மிதக்கும் சாமான் அது. சட்டத்துக்குள் இறுக்கமாக உட்காரும்படி ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தாள். தாண்டிக் குதிக்காதபடி மூடியைத் தொடும் உயரம் வைத்தாள். தண்ணீர் போய்வர, என் சால்டரிங் அயர்னை வாங்கி, தொட்டியின் அடியில் பரப்பிய கூழாங்கல்லை ஒட்டி வரும் இடத்திலும் மேல் விளிம்பிலும் பொடிப்பொடித் துளைகள் போட்டாள். திரும்பவும் மேலே போனபோது நான் இரண்டு பக்கமும் தனித்தனி ஹீட்டர் மாட்டினேன். மலைக் குளிருக்கு அது இல்லாமல் ஆகாது.

ஷீட்டை இறக்கியதும் பெரிய மீன் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்று பார்த்தது. பிறகு திரும்பிப் போய்விட்டது. அடுத்த வாரம் வாட்சர் போனில் கத்தினார்: "சேச்சி, சின்னது தின்னு!" அவள் கடைவாசலுக்கு வந்து, வரிசைக்கே கேட்கும்படி, "அண்ணே, சாப்பிட்டுருச்சாம்" என்றாள்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில வாரம் கழித்துத் திரும்பவும் அழைப்பு வந்தது. ஒரு ஹீட்டர் எரியவில்லை, இரண்டு பேரும் வரவேண்டும் என்றார் வாட்சர்.

போனபோது வீட்டு முன்னால் கேரள எண் பலகையோடு கார்கள் நின்றன. கட்டப்பனையிலிருந்து வந்த வியாபாரிகள். கூடத்தில் தொட்டியைச் சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளை ஷீட் வெளியே உருவப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. அதே சட்டத்தில் நல்ல தெளிவான கண்ணாடி இறங்கியிருந்தது. பெரிய மீன் செவுளை விரித்து, நிறமெல்லாம் ஏறி, பாய்ந்து பாய்ந்து கண்ணாடியில் மோதியது. ஒவ்வொரு மோதலுக்கும் விருந்தாளிகள் கை தட்டினார்கள். அதன் உதட்டுப் பக்கம் சதை கிழிந்து வெளுத்திருந்தது. சின்னது மூலையில் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கிடந்தது.

அவள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனாள். தள்ளி நின்றவர்களிடம், "கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். மூடியைத் திறந்தாள். கண்ணாடிக்குப் பக்கத்திலேயே வெள்ளை ஷீட்டை இறக்க இடம் பார்த்தாள்.

"ஏ, என்ன பண்ற?" என்றார் முதலாளி.

"மறைப்ப வைக்கிறேன்."

"விருந்தாளிக பாத்துக்கிட்டு இருக்காகல்ல? அவுக போகட்டும், அப்புறம் வையி."

"முடியாதுங்க."

விருந்தாளிகள் தொட்டியை விட்டு அவள் பக்கம் திரும்பினார்கள். நான் ஹீட்டர் வயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் கட்டடத்தில்தான் என் கடையும் இருக்கிறது.

"உன் கடை யாரு கட்டடத்துல இருக்குன்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்குங்க. கட்டடம் உங்களது. முடியாதுங்கிறது என்னது. ஒண்ணு இந்த மறைப்பு இங்க இருக்கணும், இல்ல இந்தச் சின்ன மீனு எங்கூட வரணும். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க."

"உன்னைய யாரு இங்க வரச் சொன்னா? வெளிய போ மொதல்ல."

"நான்தான் வரச் சொன்னேன்."

சமையலறைக் கதவருகில் வீட்டம்மா நின்றிருந்தார். கையில் டீத் தட்டு. குரல் மெல்லியதுதான், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "வாட்சர்கிட்டச் சொல்லிப் போன் போட வச்சது நான்தான். மொதத் தடவையும் நான்தான். ஹீட்டரு நல்லாத்தான் எரியுது. சின்ன மீனு இரை எடுத்து மூணு நாளாச்சு."

முதலாளி மனைவியைப் பார்த்தார், விருந்தாளிகளைப் பார்த்தார். விருந்தாளிகளில் ஒருவர், "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவள் கண்ணாடியை உருவி என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வெள்ளை ஷீட் சட்டத்துக்குள் இறங்கி அடியில் உட்கார்ந்தது. வீட்டம்மா கொண்டுவந்த டீயை நின்றபடியே குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

மறுநாள் மதியம் முதலாளியின் கணக்குப்பிள்ளை வந்தார். மாசக் கடைசிக்குள் மீன் கடையைக் காலி பண்ண வேண்டும் என்றார். வரிசைக் கடைக்காரர்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றோம். போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு, பெரிய மனுஷன், மறந்துவிடுவார் என்றார் டெய்லர். நானும் அதையேதான் சொன்னேன்.

"எதுக்குண்ணே மன்னிப்பு? மீனு பொழச்சதுக்கா?"

டெய்லர் தன் கடைக்குத் திரும்பிப் போனார்.

குரங்கணி சாலையில் ஒரு தகரக் கொட்டகை பிடித்தாள். முன்பு பிராய்லர் கோழிக் கடையாக இருந்தது. சுண்ணாம்பு அடித்து அடித்து நாற்றத்தைப் போக்கினாள். கடை மாற்றுகிற அன்று ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தோம். தண்ணீர் தளும்பும் கவர்களில் மீன்கள், கோணிக்குள் சுருட்டிய கண்ணாடிகள். அப்போது முதலாளியே காரில் வந்து இறங்கினார். நாங்கள் விலகி நின்றோம்.

"எங்கயும் போகவேண்டாம், இங்கயே இரு" என்றார். "மாசத்துல ஒரு நாள், ஆளுக வர்றப்ப மட்டும் அந்த மறைப்ப எடுத்துட்டுக் கண்ணாடியப் போடு. நீயே வந்து போடு. மத்த நாளெல்லாம் உன் இஷ்டம்."

அவர் இறங்கி வந்ததே பெரிசு என்று எங்களுக்குத் தோன்றியது. டெய்லர் என் கையை அழுத்தினார். அவள் ஜீப்பிலிருந்து பிளாஸ்கை எடுத்து அவருக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த கடைச் சாவியை எடுத்து அவருடைய இன்னொரு கையில் வைத்தாள்.

"ஷட்டரு எடது பக்கம் இறுக்கும். லேசா ஒதைச்சுட்டுத் தூக்கணும்ங்க" என்றாள். ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

புதுக் கடைக்கு வயர் இழுத்துக் கொடுக்க நான் போயிருந்தேன். கூட்டம் இல்லை. அந்தச் சாலையில் மீன் வாங்க யார் வரப்போகிறார்கள் என்றுதான் எனக்கும் கவலை. முன்பகலில் ஒரு தோட்டத்து ஜீப் வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து வீட்டம்மா இறங்கினார். மடியில் வைத்துக் கொண்டுவந்த எவர்சில்வர் அண்டா, அதன் மேல் தட்டு மூடி, மேலே துண்டு கட்டியிருந்தது. சேலையெல்லாம் நனைந்திருந்தது. அவ்வளவு கொண்டை ஊசி வளைவுகளிலும் தளும்பியிருக்கும்.

"நேத்து மறுபடியும் மறைப்ப உருவிட்டாரு" என்றார். "இது இனிமே அங்க வேண்டாம்."

அவள் மீன் விடாத ஒரு தொட்டியின் மூடியைத் திறந்தாள். தொட்டியில் தண்ணீரின் சூட்டைக் கையால் பார்த்தாள். இரண்டு பேரும் அண்டாவை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி, விளிம்பை மெதுவாகச் சாய்த்தார்கள். சின்ன மீன் வழுக்கி உள்ளே போய், அடியில் கொஞ்சம் நின்று, பிறகு தொட்டியின் நீளம் முழுவதும் போய்த் திரும்பியது. வால் பாதி வளர்ந்திருந்தது. வீட்டம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். அவள் டீ ஊற்றினாள்.

வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. யாரும் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் செல்போனைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றான்.

"அம்மா, முதலாளி கூப்பிடுறாரு. எங்க இருக்கீக, எப்ப வர்றீகன்னு கேக்குறாரு."

வீட்டம்மா மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வர்றேன்னு சொல்லு" என்றார். "எப்பன்னு சொல்லாத."